ஊரிலிருந்து குரூப் ஃபோர் வரை: மதுரைப் பக்கத்தில் முதன்முறை தேர்வு எழுதுபவர்களுக்கு

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் அரசு வேலைக்குப் போனதில்லை. அப்பா சித்தாள் வேலைக்கோ லோடு ஏற்றவோ போகிறார். அம்மா விடியும் முன்னே மல்லிகை பறிக்கப் போகிறார், பூ இல்லாத மாதத்தில் நூறு நாள் வேலை. நீங்கள் பத்தாவது முடித்திருக்கிறீர்கள், அல்லது பன்னிரண்டாவது, அல்லது டிகிரியே வாங்கிவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிறீர்கள். "குரூப் ஃபோர் எழுதிப் பாரு" என்று யாரோ சொன்னார்கள். எங்கே தொடங்குவது என்று கேட்க ஆள் இல்லை. உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர், மேலூர், கொட்டாம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியிருக்கிற ஊர்களிலிருந்து இப்படி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உழைக்கிற பிள்ளைகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஒரு சான்றிதழ் இல்லாததால், வீட்டில் உட்கார இடம் இல்லாததால், மூன்றாம் மாதம் கையில் காசு இல்லாததால் அந்த உழைப்பு பாதியில் நின்றுபோவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் புத்தகம் பின்னால்தான் வரும்.

இந்தத் தேர்வு எதற்கு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்துகிற குரூப் ஃபோரில் வருகிற பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) என்று பல பதவிகளுக்கு ஒரே தேர்வு. முன்பு வி.ஏ.ஓ. வேலைக்குத் தனித் தேர்வு இருந்தது. 2018-லிருந்து அதையும் இதனுடன் சேர்த்துவிட்டார்கள். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், வி.ஏ.ஓ. போன்ற சில பணிகளுக்கு 21. ஒரே ஓர் எழுத்துத் தேர்வுதான், நேர்முகத் தேர்வு கிடையாது. முன்பின் தெரியாத அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற பயம் வேண்டாம். உங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று இந்தத் தேர்வில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இளநிலை உதவியாளருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் ஊதிய நிலை 19,500-இல் தொடங்கி 71,900 வரை. அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி உண்டு. நாள்கூலி வீட்டில் மாதம் முதல் தேதி தவறாமல் வருகிற சம்பளம் என்ன செய்யும் என்பதை அந்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கையின் படிப்பு நிற்காது. ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தோடு அடகுக்குப் போகாது.

போட்டி கடுமையானது, அதையும் மறைக்கக் கூடாது. 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். 2025 ஜூலையில் நடந்த தேர்வுக்கு அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. இந்த எண்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம். விண்ணப்பிக்கிறவர்களில் நிறையப் பேர் படிக்காமலே வருகிறவர்கள், பல லட்சம் பேர் தேர்வறைக்கே வருவதில்லை. ஆனால் 'மூணு மாசம் படிச்சாப் போதும்' என்று சொல்கிறவர் பேச்சையும் நம்ப வேண்டாம். ஒரு முழு வருடம் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாள்கள்

அறிவிப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து வைத்து, அதில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து என்று இருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். ஆதாரில்தான் பிழை என்றால் திருத்துவது எளிது. பள்ளிச் சான்றில் பிழை என்றால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சாதிச் சான்றிதழ் உங்கள் பெயரில், இணையவழி வாங்கியதாக இருக்கட்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போய் வரும். திருமணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை: சாதிச் சான்றிதழ் அப்பாவின் பெயரில்தான் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. கணவரை இழந்து, ஆதரவின்றி இருக்கிறவர்கள் கோட்டாட்சியரிடம் ஆதரவற்ற விதவைச் சான்று வாங்க வேண்டும். பெண்களுக்கான 30 சதவீத ஒதுக்கீட்டுக்குள் அவர்களுக்குத் தனி இடம் இருக்கிறது, தேர்வுக் கட்டணமும் கிடையாது. இது தெரியாமலே பொதுப் போட்டியில் எழுதுகிற அக்காக்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்தது, நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானது: தமிழ்வழிச் சான்றிதழ். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆகவே குரூப் ஃபோருக்கு ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழி என்று சான்று வேண்டும். ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்து வரை, பக்கத்து ஊரில் எட்டு வரை, உயர்நிலைப் பள்ளி வேறு ஊரில் என்று படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் அந்தந்த வகுப்புகளுக்கு வாங்க வேண்டும். படிவம் ஆணையத்தின் அறிவிப்போடு இருக்கும், அதில்தான் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் போனால் தலைமையாசிரியர் இருக்க மாட்டார். பள்ளி நடக்கும்போதே போய் வாங்கிவிடுங்கள்.

ஆணையத்தின் தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்ய 150 ரூபாய். ஐந்து வருடத்துக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு மூன்று முறை இலவசம். பதிவை நெட் சென்டரில் செய்தாலும் கடவுச்சொல்லை உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தவித்தவர்கள் உண்டு.

இன்னொன்று. எஸ்.எஸ்.சி., ரயில்வே போன்ற மத்திய அரசுத் தேர்வும் எழுதப் போகிறீர்கள் என்றால் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. அதற்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனி, வருமானத்தையும் பார்த்துத் தருவது. அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

உட்கார ஓர் இடம்

ஒற்றை அறை வீட்டில், டி.வி. ஓடிக்கொண்டிருக்கையில், தம்பி பக்கத்தில் படுத்திருக்கையில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் படிக்க முடியாது. அதை மன உறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தேவைப்படுவது ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும், சுற்றிலும் படிக்கிறவர்களும்தான்.

மதுரையில் அது காசில்லாமல் கிடைக்கிறது. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுபோவதற்கு என்ன விதி என்று முதல் நாள் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, பெரியார் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பெரிய கட்டடத்தைப் பார்த்து, 'நம்மள உள்ள விடுவாங்களா' என்று தயங்கி வெளியிலேயே நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்கள் நூலகம். செருப்புத் தேய்ந்திருந்தாலும் உள்ளே போங்கள்.

மதுரை வர முடியாதவர்கள் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தைப் பாருங்கள். உறுப்பினர் கட்டணம் மிகக் குறைவு. அங்கே நாளிதழ் வரும், அதுவே பாதி நடப்பு நிகழ்வு.

கோ.புதூரில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாக இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அறிவிப்பு வரும்போது நாளிதழின் மாவட்டச் செய்தியில் போடுவார்கள், நேரில் போய்ப் பெயரும் கொடுக்கலாம். அதே துறையின் மெய்நிகர் கற்றல் தளத்தில் பாடக்குறிப்பும் காணொளியும் இலவசம். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால், நகரப் பேருந்து வருகிற ஊரில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துச் செலவே இருக்காது. அம்மாவிடம் அனுமதி கேட்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தனியார் பயிற்சி மையம் வேண்டுமா? சிலருக்கு வேண்டும், ஒழுங்காக ஒரு நேரத்துக்கு எழுப்பி உட்காரவைக்க ஓர் இடம் தேவைப்படும். ஆனால் குரூப் ஃபோருக்காகக் கடன் வாங்காதீர்கள், நகையை வைக்காதீர்கள். பாடம் முழுக்கப் பள்ளிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் கடைசி மூன்று மாதம், மாதிரித் தேர்வு மட்டும் எழுதவைக்கிற டெஸ்ட் பேட்ச்சில் சேருங்கள். முழு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டு என்று நிற்கிற இடத்தில் சேர வேண்டாம்.

என்ன படிப்பது, எப்படி

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ். அதில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மீதியில் 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாதித் தாள் தமிழ். அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை இங்கே யாருக்கும் இளைத்தவரில்லை. ஆகவே முதல் மூன்று மாதம் தமிழும் கணக்கும் மட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்களை அட்டையிலிருந்து அட்டை வரை படியுங்கள். நூல்வெளி, பெட்டிச் செய்தி, சொல்லும் பொருளும் எதையும் விடாதீர்கள். பாடத்திட்டத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஆணையத்தின் தளத்தில் இப்போதைய பாடத்திட்டத்தை இறக்கி, அச்செடுத்து, படித்ததை அடித்துக்கொண்டே வாருங்கள். பழைய கைடை யாராவது சும்மா கொடுத்தால்கூட முதலில் இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கில் 25 கேள்வி என்றால் 37.5 மதிப்பெண். 'எனக்குக் கணக்கு வராது' என்று அதை மொத்தமாக விடுகிறவர்கள் உண்டு. விடவே கூடாது. சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.சி.ம., மீ.பெ.வ., பரப்பளவு, வேலையும் நேரமும் என்று எண்ணிச் சொல்லிவிடக்கூடிய தலைப்புகள்தான். தினமும் ஒரு மணி நேரம், பழைய வினாத்தாளிலிருந்து மட்டும் போடுங்கள். கந்துவட்டிக் கணக்கு வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்களுக்கு வட்டிக் கணக்கு வராமல் போகாது.

பொது அறிவுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல், அறிவியல். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நிறையப் பேர் அதைத் தொடுவதில்லை. எல்லாப் புத்தகமும் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசம். ஊரில் மேல் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் கேட்டால் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் படிக்கும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இருக்கிற இடங்கள் பல நம் பேருந்து போகிற வழியில் இருக்கின்றன. மேலூர்ப் பக்கம் மாங்குளத்தில் இருக்கிற தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அதே பக்கத்தில் அரிட்டாபட்டி, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த ஊர். கீழக்குயில்குடியில் சமணர் மலை. காந்தி அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22. வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939 ஜூலை 8. அன்று உள்ளே போனவர்களில் மேலூர் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனும் ஒருவர், பின்னாளில் அமைச்சரானார். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து மக்கள் சுடப்பட்ட பெருங்காமநல்லூர், 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர். நம் வயலுக்கு வருகிற தண்ணீர் பென்னிகுக் கட்டிய பெரியாறு அணையிலிருந்து, 1895. ஒரு ஞாயிற்றுக்கிழமை தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகம் போங்கள். இன்னொரு ஞாயிறு கீழடி, அங்கே 2023-இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரைக்குப் பக்கம்தான். கண்ணால் பார்த்த இடத்தின் ஆண்டு தேர்வறையில் மறக்காது. உங்கள் ஊரும் உங்கள் பாட்டன்களும் புத்தகத்துக்குள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு படிக்கிற வேகமே வேறு.

நான்காம் மாதத்திலிருந்து வாரம் ஒரு முழுத் தேர்வு. ஆணையத்தின் தளத்தில் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் இருக்கின்றன. வீட்டில் படுத்துக்கொண்டு செய்யாமல் காலை 9:30 முதல் 12:30 வரை மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள். தவறான கேள்விகளை ஒரு தனி நோட்டில் எழுதுங்கள். கடைசி மாதத்தில் அந்த நோட்டு மற்ற எல்லாப் புத்தகத்தையும்விட உதவும்.

டைப்ரைட்டிங்கை விடாதீர்கள்

இதை ஏன் யாரும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலைத் தட்டச்சுத் தேர்வு) முடித்தவர்களுக்கு முன்னுரிமை. போட்டியிடுகிறவர்கள் குறைவு என்பதால் கட் ஆஃபும் பொதுவாகக் குறைவாக இருக்கும். சம்பளம் இளநிலை உதவியாளருக்கு உள்ளதேதான். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் போன்ற ஊர்களிலேயே தட்டச்சுப் பயிலகங்கள் உண்டு. தினமும் ஒரு மணி நேரம். அரசுத் தேர்வு வருடத்துக்கு இருமுறை நடக்கிறது. பத்தாவது முடித்த தங்கை வீட்டில் இருந்தால் அவரை இப்போதே லோயர் (இளநிலைத் தட்டச்சு) சேர்த்துவிடுங்கள்.

காசும் காலமும்

படிப்பதற்காக வேலையை முழுதாக விட முடிகிற வீடு நம்முடையதாக இருக்காது. பாதி நாள் வேலை தேடுங்கள். காலையில் பூ மார்க்கெட், மாலையில் ட்யூஷன் எடுப்பது, நெட் சென்டரில் நான்கு மணி நேரம் என்று ஏதாவது. டிகிரி இன்னும் முடிக்காதவர்கள் கல்லூரியை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வரும். டிகிரியைத் தொலைதூரக் கல்வியில் படித்தாலும் பரவாயில்லை, ஆனால் பத்து, பன்னிரண்டு, அதன்பின் டிகிரி என்ற வரிசையில் இருக்க வேண்டும். பன்னிரண்டாவதோ அதற்குச் சமமான படிப்போ இல்லாமல் வாங்கிய பட்டம், பட்டதாரிகளுக்கான குரூப் டூ தேர்வுக்குப் போகும்போது செல்லாமல் போய்விடும்.

முதல் முறையில் கிடைக்காவிட்டால்? பலருக்குக் கிடைப்பதில்லை. டீக்கடையில் "என்னய்யா, இன்னமும் பரீட்சைதான் எழுதுறியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். அதற்கு ஒரே பதில், முன்கூட்டியே வீட்டில் ஒரு கணக்குச் சொல்லி வைப்பது. 'ரெண்டு நோட்டிஃபிகேஷன் முழு மூச்சாப் படிப்பேன், அதுக்குள்ள வராட்டி முழு நேர வேலைக்குப் போய்க்கிட்டே எழுதுறேன்' என்று அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெண் பிள்ளைகள் கல்யாணப் பேச்சு வருமுன்னே இதைப் பேசிவிடுவது நல்லது. என் அபிப்பிராயம், இருபத்தெட்டு வயதில் எந்த வேலை அனுபவமும் இல்லாமல் தேர்வை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. இதே படிப்பை வைத்துக் காவலர் தேர்வு, எஸ்.எஸ்.சி., ரயில்வே எழுதலாம். அஞ்சல் துறையில் கிராமிய டாக் சேவக் வேலைக்குத் தேர்வே இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து எடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். கார் வைத்திருப்பார், பெரிய மனிதர்களோடு எடுத்த போட்டோ காட்டுவார். இடத்தை விற்று, மாட்டை விற்றுக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. விடைத்தாளைத் திருத்துவது இயந்திரம், இடத்தைத் தருவது தரவரிசை. ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

தேர்வு நாளும் பிறகும்

9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். வெளியூரில் மையம் விழுந்தால் முதல் நாளே போய்ப் பள்ளிக்கூடம் எங்கே என்று பார்த்து வையுங்கள். கருப்பு மைப் பந்துமுனைப் பேனா இரண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடாதீர்கள். விடை தெரியாதவர்களுக்கென ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தில் ஒன்றைக் கருப்பாக்கியே தீர வேண்டும்.

தரவரிசையில் வந்தால் சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்வார்கள், கொடுத்த தேதிக்குள் முடியுங்கள். பிறகு சென்னையில் கலந்தாய்வு. உங்கள் முறை வரும்போது திரையில் காலி இடங்கள் தெரியும், துறையையும் மாவட்டத்தையும் அங்கேயே சொல்ல வேண்டும். மதுரை கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டு வராதீர்கள். வருவாய்த் துறை போன்ற, பதவி உயர்வு நன்றாக உள்ள துறை தூரத்து மாவட்டத்தில் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர்கள் துணை வட்டாட்சியராகவும் வட்டாட்சியராகவும் உயர வழி இருக்கிறது.

சேர்ந்த பிறகு இரண்டு வேலை உடனே செய்யுங்கள். துறைத் தேர்வுகள் வருடத்துக்கு இருமுறை, மே மாதமும் டிசம்பர் மாதமும் நடக்கின்றன. பதவி உயர்வு அதில்தான் இருக்கிறது, முதல் வாய்ப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். டிகிரி இருந்தால் அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்துவிட்டுக் குரூப் டூ எழுதுங்கள். குரூப் ஃபோருக்குப் படித்த பொது அறிவு அதன் முதல்நிலைத் தேர்வுக்கும் உதவும். அதனால் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.